புராணப் படிப்பும் மல்லிக் கோப்பியும்

வைகாசி 4, திங்கள்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். வயலில் வரம்பு கட்டக் குனிந்ததும் நெஞ்செரிவு, வாயில் புளிப்பு.

மாலை கோயிலில் புராணப் படிப்பு. மூன்றாம் செய்யுளைப் பாடும்போதே தொண்டை அடைத்துவிட்டது. பொருளாளர் தயாபரன் வழக்கம்போல மிளகு போட்ட மல்லிக் கோப்பியோடு ஓடி வந்தான். குடித்தேன். இன்னும் மோசம்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. திருக்கல்யாணத்தண்டைக்கும் இப்பிடியெண்டால் போனில இருக்கிற பதிவை ஸ்பீக்கரில போடுவம்."

போர் முடிந்து மீள்குடியேறிய நாளிலிருந்து இங்கே நான்தான் படிக்கிறேன். எனக்குப் பதில் ஒரு போனா? கோபம் கோபமாக வருகிறது.

வைகாசி 5, செவ்வாய்

மருந்துக்குப் பரந்தன் போனேன், பஸ்ஸில் நின்றபடியே. ஓமியோபதி டொக்டர், சின்னப் பெண். இதயத்தில் பழுதில்லை என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியாயிற்று. இது அசிட் வருத்தம். இரைப்பையின் மேல்வாய் சரியாக மூடாமல் புளிநீர் தொண்டைவரை ஏறுகிறதாம்.

"படிப்புக்கு முதல் என்ன குடிப்பீங்கள் ஐயா?"

"தொண்டைக்கு மல்லிக் கோப்பி. மிளகு கூடப் போட்டு."

"பிறகு?"

"விரதம் எல்லோ. முடிஞ்சு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு அப்பிடியே சரிஞ்சிடுவன்."

டொக்டர் தன் தலையில் கை வைத்தார். சின்னப் போத்தலில் சீனிபோல் இனிக்கும் குளிசை தந்தார். கோப்பி, மிளகு கூடாது. போகமுன் வாழைப்பழம். வந்து கொஞ்சமாகச் சாப்பாடு, உடனே படுக்கை இல்லை. கட்டில் தலைமாட்டை உயர்த்தக் கல். விழுங்கக் கஷ்டம், உடம்பு மெலிவு, கறுப்பு மலம் என்றால் நேரே ஆஸ்பத்திரி.

வைகாசி 13, புதன்

தலைமாட்டில் சீமெந்துக் கல். சரோஜாவின் முறைப்பாடு: "இஞ்சேருங்கோ, நான் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே போறன்." எனக்கு மனைவியாக வாய்த்தால் சறுக்கத்தான் வேண்டும்.

காலையில் புளிப்பு இல்லை! தயாபரனின் கோப்பியை வேண்டாமென்றேன். முகம் தொங்கிவிட்டது, பாவம். குரல் பாதிப் படிப்புவரை நின்றது.

வைகாசி 18, திங்கள்

மருந்துப் போத்தல் முழுக்க எறும்பு. தொடக்கத்தில் போட்டதுதான், பிறகு மறந்தே போனேன். ஆனால் எரிவு போய்விட்டதே! டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"மற்றதுகளைச் செய்தனீங்களோ?"

"ஓம், ஒண்டும் விடேல்லை."

"அப்ப அதுகள்தான் சுகப்படுத்தியிருக்கு. விட்டிடாதேங்கோ."

சரோஜா: "எறும்புகளுக்கு இனி நெஞ்செரிவு வராது."

வைகாசி 22, வெள்ளி

திருக்கல்யாணம். நல்ல சனம். தயாபரன் போனை ஸ்பீக்கரில் மாட்டி ஆயத்தமாக நின்றான். நம்பிக்கை அவ்வளவுதான்.

மாலை மாற்றும் செய்யுளைத் தொடங்க, கரண்ட் போனது. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. சனம் குசுகுசுத்தது. நான் நிறுத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினேன். ஓரிடத்திலும் பிசிறவில்லை. வீதியில் நின்றவர்கள் அங்கிருந்தே கை கூப்பினார்களாம். சரோஜா அழுதாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். போனில் போட்டிருந்தால் கல்யாணம் பாதியில் நின்றிருக்கும்!

முடிந்ததும் தயாபரன் ஓடி வந்தான். கையில் அதே கோப்பி.

"அண்ணை, இண்டைக்கெண்டாலும் குடியுங்கோ."

"நீ குடி. எனக்குச் சுடுதண்ணி கொண்டு வா."