முழங்காலுக்குள் ஓசோன்

ஜூலை 8, செவ்வாய்

கரும்பலகையின் கீழ்வரியை எழுதக் குனிந்தேன். வலது முழங்கால் நிமிர மறுத்துவிட்டது. டஸ்டரைத் தேடுகிற மாதிரி நடித்துச் சமாளித்தேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை ஏமாற்றலாம், வீட்டுக்காரரை முடியுமா? சாப்பிடும்போது ஆரம்பித்தார். "ஆவணியில அறுபதாம் கல்யாணமெல்லாம் வேண்டாம் நீரஜா. பெருமாளுக்கு ஒரு அர்ச்சனை, ஆத்துல ஒரு பாயசம், போறும். மணையில காலை மடக்கிண்டு அத்தனை நாழி உன்னால உக்கார முடியாது."

கல்யாணம் என்னால்தான் நின்றுபோகப் போகிறதா? எங்கள் கல்யாணத்தன்று ஊரே வெள்ளம், பாதிப் பேர் வரவில்லை. இதையாவது நாலு பேர் பார்க்க நடத்த வேண்டும் என்று எத்தனை நாள் ஆசை! தட்டைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று எழுந்து போகலாம் என்றால், அதற்கும் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சனியன் பிடித்த கால்.

ஜூலை 12

ஆழ்வார்பேட்டை எலும்பு டாக்டர்: தேய்மானம். ஆபரேஷனுக்கு அவசரமில்லை, அதுவரை மாத்திரை. அதுவரை என்றால் எதுவரை?

ஜூலை 19, சனி

அடையாறில் வலி மருத்துவர் சிம்ராவைப் பார்த்தேன். ஆட்டோக்காரர் நான் ஏறுகிற அழகைப் பார்த்தே கேட்டார். "இன்னாமா, முட்டியா? நம்ம வூட்லயும் அதே கதைதான் போய்க்கினு கீது."

ஊசி வழியாக மூட்டுக்குள் ஓசோன் செலுத்துவார்களாம். ஓசோன்! வருஷா வருஷம் வேதியியல் வகுப்பில், மூன்று ஆக்சிஜன் அணுவுக்கு மூன்று வட்டம் போட்டு நான் பாடம் நடத்துகிற அதே ஓசோன்.

"எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன் மேடம். ஆராய்ச்சி இன்னும் போதாது. சிலருக்கு வலி குறையுது, சிலருக்கு ஒண்ணுமே இல்ல. தேஞ்ச மூட்டு திரும்ப வளராது" என்றார் சிம்ரா. இப்படிப் பளிச்சென்று சொன்னதால்தான் சரி என்றேன்.

ஜூலை 26

முதல் ஊசி. பயந்துகொண்டுதான் போனேன். ஆனால் அந்த இயந்திரத்தைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. மிக்ஸி அளவுகூட இல்லை. ஒரு பக்கம் ஆக்சிஜன் போகிறது, உள்ளே மின்சாரம் பாய்கிறது, மறுபக்கம் ஓசோன் வருகிறது. வானத்தில் மின்னல் செய்கிற வேலை, மேஜைமேல்! வைத்திருந்தால் மறுபடி ஆக்சிஜனாகிவிடும் என்று உடனே ஊசியில் இழுத்துக்கொண்டார் சிம்ரா. லேசாக ஒரு வாசனை — எங்கள் பள்ளி ஜெராக்ஸ் அறை வாசனை. மூச்சில் இழுத்தால் நுரையீரலைக் கெடுக்கிற வாயு. அது இப்போது என் முட்டிக்குள். இத்தனை வருஷம் பாடம் எடுத்தேனே, ஒருநாளாவது இப்படி வாய் பிளந்திருப்பேனா?

ஜூலை 27

வலி கூடியிருக்கிறது. "சைக்கிள் டியூப் மாதிரி காத்தடிச்சுண்டு வந்திருக்கே" என்று இவர் கேலி.

ஆகஸ்ட் 9

மூன்றாவது ஊசியும் ஆயிற்று. தினமும் தொடைப் பயிற்சி. பெரிதாக மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது — சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்போது உட்கார்ந்தேன்? கீரையை அப்படியே விட்டுவிட்டு என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. ஊசியா, பயிற்சியா, பெருமாளா? பிள்ளைகள் இப்படி விடை எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன். இன்றைக்கு எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குதிப்பார் என்று பார்த்தால் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்போ கல்யாணத்தை நடத்தி வைக்க வாத்தியார்கிட்ட சொல்லிட வேண்டியதுதான்" என்றார். ஏன் இப்படி?

ஆகஸ்ட் 29, வெள்ளி

நடந்துவிட்டது. அரக்குக் கூறைப் புடவை, மாலை, ஹோமப் புகை, கூடம் கொள்ளாத கூட்டம். மணையில் உட்கார்ந்தேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். தாங்கக்கூடிய வலி.

"ரெண்டு பேரும் எழுந்து பெரியவாளைச் சேவியுங்கோ" என்றார் வாத்தியார். நான் எழுந்துவிட்டேன். இவர் எழவில்லை. கையை ஊன்றிப் பார்த்தார், வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி நடித்தார். கண்ணில் தண்ணீர்.

குனிந்து, மாலையைச் சரிசெய்கிற சாக்கில் கேட்டேன். "எத்தனை நாளா ஸ்ரீரங்கன்?" முப்பது வருஷத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ரெண்டு வருஷமா. ரெண்டு முட்டியும். நீயே வலியைத் தாங்கிண்டிருக்கே, நான் எப்படிடி சொல்றது?"

கையைக் கொடுத்தேன். எழுந்தார். நலங்கு விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

நாளை அடையாறு. இந்தத் தடவை இவர் பெயரில் முன்பதிவு.