சீவாவுக்கென்று சொல்லிக் கட்டிய பை

ஜூலை 3, கெய்ரோ

வகீதா வந்தாள், அவளுடைய பெட்டியும் வந்தது. எது பெரிது என்று சொல்வதற்கில்லை. உகாண்டாவில் மழைக்காட்டுக்குப் போகும் சிறு விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் துணிப்பையில்தான் என்று ஒரு மாதமாகச் சொல்லி வருகிறேன். பெட்டிக்குள் ஃபூல் மொச்சை டின்கள், வறுத்த தர்பூசணி விதை, ஒரு பாளம் பாலாடைக்கட்டி.

“அங்க மனுஷங்க என்ன திங்கிறாங்களோ, யாரு கண்டா அண்ணி?”

அங்கேயும் பயறுதான் தின்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. என் மறைந்த கணவரின் தங்கை. அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் நம்புவதில்லை, கண்ணேறு ஒன்றைத் தவிர.

அதனால்தான் இந்தப் பயணம் ஊருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் பட்டுக் கால் முறியுமாம். கேட்பவர்களிடம் சீவா பாலைச்சோலைக்கு, முழங்கால் வலிக்கு மணற்குளியல் எடுக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். ஜூலையில் கெய்ரோவின் முழங்கால்களில் பாதி அந்த மணலில்தான் புதைந்து கிடக்கும். யாருக்கும் ஐயம் வராது. தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற நான் இதற்கு ஏன் உடன்பட்டேன்? மகள் ஷாஹிந்தாவோடு வாதாட வேண்டியதில்லை என்பதற்காக. வேறு காரணம் தேடிப் பயனில்லை.

ஜூலை 6

வகீதாவின் பருத்தி உடைகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். இங்கே பால்கனியில் போட்டால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அந்தக் காட்டில் ஒரு வாரமானாலும் காயாது. செயற்கை இழைச் சட்டைகள் வாங்கினேன். எறும்பு ஏறாமல் கால்சட்டையைச் சொருகிக்கொள்ள நீண்ட காலுறைகளும். எந்தப் பேரனுக்கு என்று கடைக்காரன் கேட்டான். முறைத்தேன்.

“இதைப் போட்டா அவிஞ்சுதான் போவோம்” என்றாள் வகீதா. அவியட்டும். பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள், தாளில் ஒட்டிய பழுப்புச் சருகைக் காட்டி, இது மழைக்காட்டு இலை, பச்சையாக இருக்கும் என்று பாடம் நடத்தியவள் நான். ஒன்றையும் உயிரோடு பார்த்ததில்லை. வரும் குளிர்காலத்தில் என் முழங்காலை அறுத்து உலோகம் வைக்கப்போகிறார்களாம். அப்புறம் ஏது காடு?

ஜூலை 8

பையைத் திறந்தேன். மூடினேன். திரும்பவும் திறந்தேன் — எதற்கு? ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

ஜூலை 10

தவ்ஹீதா வந்து நிற்கிறாள், கையில் பையோடு. கணவர் வழி உறவு, வாய் ஓயாதவள்.

“சீவாவுக்கு நானும் வர்றேன்க்கா. உங்க முழங்காலு மட்டும்தான் முழங்காலா?”

உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன். வகீதா முந்திக்கொண்டாள். வா, வா, தாராளமாக வா என்றாள். முகம் சிவந்திருந்தது. முட்டாள். முட்டாள்!

ஜூலை 11

தவ்ஹீதாவை அழைத்துக்கொண்டு வகீதா சீவாவுக்கே போகிறாளாம். நான் பின்னால் வருவதாகச் சொல்லிக்கொள்வாளாம்.

“இப்போ உண்மையச் சொன்னா, ஒன் கண்ணுக்குப் பயந்துதான் மறைச்சோம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிரும் அண்ணி. சாகுற வரைக்கும் என்கூடப் பேசமாட்டா.”

அதைவிட நல்ல வரம் உண்டா என்றேன். சிரித்தாள், ஆனால் தன் துணிகளை எடுத்துக்கொண்டாள். நிம்மதியாகவே எடுத்துக்கொண்டாள் என்று எனக்குப் பட்டது. அவள் வரப் பயந்துதான் இருந்திருக்கிறாள், இத்தனை நாளும்.

தனியாக — போவதா? காட்டுக்குள் கால் மடங்கினால் யார் தூக்குவது? இங்கே மடங்கினால் மட்டும் யார் தூக்குகிறார்கள்?

ஜூலை 12

அலெக்சாண்டிரியாவுக்குத் தொலைபேசி செய்து ஷாஹிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீவாவைப் பற்றித் தவ்ஹீதா ஏற்கெனவே அளந்திருந்தாள். பொய்யை முதலில் பிரிக்க வேண்டியிருந்தது.

“ஒனக்கு எழுபத்தொரு வயசும்மா.”

“யாரோ சொன்னாங்க.”

திட்டப் போகிறாள் என்றே நினைத்தேன். பிறகு கேட்டாள்: “மழைக்கோட்டு எடுத்து வச்சியா?”

எடுத்து வைக்கவில்லை. மழைக்காட்டுக்குப் பை கட்டுகிறேன். மழை நினைவுக்கே வரவில்லை. கெய்ரோவில் எவரிடம் இருக்கிறது அந்தக் கோட்டு? இரண்டு சொட்டு விழுந்தால் அலுவலகம் போகாமல் இருந்துவிடுவோம்.

அவள் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜூலை 14

ஷாஹிந்தா பேருந்தில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அலெக்சாண்டிரியாவின் குளிர்கால மழைக்கு அவள் போடும் கோட்டு. பச்சை, எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது. பையை மூடினேன். பிறகு திறக்கவில்லை.

ஜூலை 20, உகாண்டா

மூன்றாம் நாளாக மழை. காலுறைகளுக்கு அடியில் ஒரு ஃபூல் டின் கிடந்தது. சீவாவுக்குக் கிளம்புமுன் விடைபெற வந்த வகீதாவின் கைவரிசை. எடையில் எப்படித் தப்பியதோ. வழிகாட்டிப் பெண்ணும் நானும் கரண்டி இல்லாமல் தின்று தீர்த்தோம். இலைகளைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. வகுப்பில் சொன்னதை எல்லாம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

கோட்டிலிருந்து, என் வியர்வையும் சேர்ந்து, வழிந்த தண்ணீர் பாதையோரத்து ஓடைக்குப் போயிற்று. ஓடை ஏரிக்குப் போகிறது, ஏரி நைலுக்கு. என்றைக்காவது கெய்ரோவில் வகீதா அதில் தேநீர் வைப்பாள். உப்பு கரிக்கிறது என்று குறையும் சொல்வாள்.