நல்ல சதையில் கண்ட மாற்றம்

தெஹியோவிட்ட,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பின்.

அன்பு மகள் பாஹிமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் வைத்தபடி இருக்கிறோம், டோஹாவில் உன் சுகத்துக்கும் துஆச் செய்கிறேன். நேற்று டொக்டரின் அறையில் இருந்தது உன் மூத்தவள் நபீலா ராத்தா, அவள் மாப்பிள்ளை தாஸிம், வாப்பா, நான், இந்த நாலு பேர்தான். வேறு யாருக்கும் இன்னும் தெரியாது. போனில் பேசினால் ராத்தாவுக்குக் கேட்கும் என்றுதான் எழுதி, தாஸிமிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

ராத்தாவின் மார்புக் கட்டியை வெட்டியபோது, நம் முறைப்படி அந்தச் சதையைக் கேட்டு வாங்கி வந்து வாப்பா மையவாடியில் அடக்கினாரே, அன்றோடு நோயையும் அடக்கிவிட்டோம் என்று இருந்தோம். ஓரமெல்லாம் சுத்தம் என்று றிப்போட்டும் வந்தது, நேர்ச்சைச் சோறும் ஆக்கிக் கொடுத்தேன். ஆனால் கட்டிக்குத் தள்ளி, நோயே இல்லாத இடத்திலிருந்து நகத்தளவு சதையை ராத்தாவிடம் கேட்டு ஆராய்ச்சிக்கு எடுத்து வைத்திருந்தார்கள். அந்த நல்ல சதையின் டிஎன்ஏயில் மாற்றம் இருக்கிறதாம் மகள். கணக்கை முடித்துக் கோடு போட்ட பிறகு, கூட்டல் பிழை என்று சொன்னதுபோல இருந்தது. அது புற்றுநோய் இல்லை, ஆனால் அப்படி மாறியவர்களுக்கு நோய் வேறு இடத்துக்குப் பரவும் பயம் அதிகமோ என்று இப்போதுதான் ஆராய்கிறார்கள், நிச்சயமாகச் சொல்ல முடியாது, புதன்கிழமை ஸ்கேனுக்கு வாருங்கள் என்றார் டொக்டர். வாப்பா றப்பர் ஷீட் வியாபாரி என்று தெரிந்து, மேலே பச்சையாக நிற்கும் மரத்திலும் வேரில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருக்குமே, அதைச் சொல்லி விளக்கினார். வாப்பாவின் முகம் செத்துப் போனது.

நல்ல எறச்சியிலயும் கொற ஈக்கிதெண்டா இந்த ஒடம்புல எந்த எடத்த நம்புற என்று ராத்தா எழுந்துவிட்டாள். ஒன்ட கோவத்துல மட்டும் ஒரு கொறயுமில்ல என்று தாஸிம் சிரிக்க வைக்கப் பார்த்தார், அவள் சிரிக்கவில்லை. அடக்கினத தோண்ட வாணாம், நான் வரமாட்டன் என்று வீட்டுக்கு வந்ததும் க்ளினிக் கார்டை அலுமாரியில் போட்டுப் பூட்டிவிட்டாள். டோஹா ஆஸ்பத்திரில வேல செய்ற என்ட தங்கச்சி சொல்லட்டும், பாப்பம் என்பதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு. பஸ்ஸில் வரும்போது வாப்பா என் காதில், அந்தத் துண்டையும் வாங்கி அடக்கியிருந்தா நமக்கு ஒண்டுமே தெரியாமப் போயிருக்கும் என்றார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நோயைத் தந்தவன்தான் மருந்தையும் தேடச் சொன்னான். நீ நேரத்துக்குச் சாப்பிடு, சுபஹ் தொழுகையை விடாதே. ரஹ்மான் உன்னைக் காப்பானாக.

உன் உம்மா,
றஹீமா ஜுனைதீன்.

புதனுக்கு முன் ராத்தாவிடம் பேசு. பேசிவிட்டு எனக்குச் சீக்கிரம் பதில் போடு.