இரண்டாவது ஊசி

நவம்பர் 4, செவ்வாய்

இல்லை, என் பயம் இரண்டாவது ஊசியைப் பற்றியதல்ல. நான் சொன்ன சொல்லைப் பற்றியது.

மதுசா, எட்டு மாதக் குழந்தை. ஈரலில் கட்டி. நேற்று ஸ்கேன் அறையில் தாயிடம், ஒரே ஒரு குத்துதான் என்றிருந்தேன். வந்தது மஞ்சள் நீர். போதும் என்றதும் நான்தான். இன்று நுணுக்குக்காட்டியில் நாலைந்து செல்கள், மற்றது வெறுமை. நீர்ப்பையைக் குத்தியிருக்கிறோம். பைகளுக்கு நடுவிலுள்ள தசை போன்ற பகுதியைத் தொடவேயில்லை.

மழை. ஆய்வுகூடத்தில் அதே மூலை ஒழுக்கு.

அறுவைச் சிகிச்சை செய்யும் சேர்ஜன் வந்தார். ஈரல் புற்றில் ஏறும் புரதம் மதுசாவின் இரத்தத்தில் கூடுதலாம். புற்றுநோய் என்றே வைத்துக் கொழும்புக்கு அனுப்புவோம், மருந்து தொடங்கட்டும் என்றார். இந்த வயதுக் குழந்தைக்கு அது கூடத்தான் இருக்கும் என்றேன். திரும்ப ஊசி போட்டுப் பார்க்க வியாழன் வரை தந்தார்.

நவம்பர் 5, புதன்

இரண்டாவது ஊசிக்குத் தாய் மறுப்பு. இரணைமடுவிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். ஊசி குத்தினால் கட்டி பரவுமாம். அப்படிச் செத்த மூன்று பேரின் பெயரும் சொன்னாராம்.

கதிரையை இழுத்துத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் குத்து பிழையான இடம், அவசரம் என்னுடையது என்றேன்.

"அப்ப ஏன் டொக்டர் அண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு போனனீங்கள்?"



இந்த முறை எடுத்ததை நான் அங்கேயே நுணுக்குக்காட்டியில் பார்த்து முடிக்கும்வரை பிள்ளையைக் கட்டிலால் இறக்க விடமாட்டேன் என்றேன். தாய் சம்மதம்.

"நானும் உள்ளுக்கை நிப்பன். மாமி வெளியில நிக்கட்டும்."

நவம்பர் 6, வியாழன்

10.20. ஊசி, இம்முறை நடுப்பகுதி. மதுசா வீறிட்டாள். அறைக்குள்ளேயே என் நுணுக்குக்காட்டி, செல்களைக் காட்டும் விரைவுச் சாயம்.

கண்டவை:
– நீண்டு மெலிந்த செல்கள், அமைதியான கருக்கள்
– பித்தக்குழாய்ச் செல்கள், ஒழுங்கான தகடுகளாக
– பின்னணி சளிபோல
– ஈரல் செல்கள் சாதாரணம்
– சின்னக் கருஞ்செல்கள் கொஞ்சம்

கடைசியில் உள்ளவை புற்றுச் செல்களாகவும் இருக்கலாம். திரும்பப் பார்த்தேன். இரத்தம் உண்டாக்கும் செல்கள். கைக்குழந்தையின் ஈரலில் இருக்கக்கூடியவை.

புற்றுநோய் இல்லை. தீங்கற்ற கட்டி. வெட்டி எடுத்தால் போதும். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

தாயிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டினார்.

"இதை மாமியிட்ட நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டா."

சேர்ஜனுக்குப் போன் எடுக்க முன்பு, கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய் மாமியாருக்குச் சொன்னேன்.