வரிசையில் நட்ட அடம்பு

20 ஜனவரி 1987, செவ்வாய்

கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தேவிட்டது. பிப்ரவரி 16 அன்று ரோபெர் என்ற அதிகாரி பூங்காவைப் பார்வையிடுவாராம். அவருக்குத் திருப்தியானால் கடற்கரைச் சாலையோர நிலம் பத்து வருடத்துக்கு செமின் கிரனியே ஊர்க்காரர்களுக்கு. இல்லையென்றால் பக்கத்தில் எழும்பும் ஓட்டலுக்குக் கார் நிறுத்த. குப்பைமேடாகக் கிடந்த இடம் அது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் நாற்பது பேர் வாரிக்கொட்டி, பாதை போட்டு, பெஞ்சு போட்டு... கார் நிறுத்தவா? விடமாட்டேன்.

மாயவரத்திலிருந்து கடல் தாண்டி இந்தத் தீவுக்குத் தமிழ் டீச்சர் வேலைக்கு வந்தவளுக்கு ஏன் இவ்வளவு வீம்பு? இவர்கள் பாஷையான கிரியோலை நான் பேசினால் இந்த ஊரே சிரிக்கிறது. பூங்காவில் மட்டும், கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அது போதும் எனக்கு.

25 ஜனவரி, ஞாயிறு

ஜெனெவியேவிடம் கடிதத்தைக் காட்டினேன். வாரம் முழுக்க கம்பளிப் புல்லோவர் தைக்கும் தொழிற்சாலையில் தையல். ஞாயிறு வந்தால் பூங்காவின் மேற்குப் பக்கத்துப் புல்வெளிதான் அவளுக்கு உலகம். இந்தத் தீவின் மணல்மேடுகளில் தானாக வளரும் புல்லும் கொடியும் கொண்டுவந்து, இரண்டு வருடமாக வளர்த்திருக்கிறாள். ஒரு கொடி நம் அடம்பேதான். தரங்கம்பாடிக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன் என்றதும் அவளால் நம்பவே முடியவில்லை.

"பூச்செடி ஓட்டல்காரனும் வைப்பான். இதை வைக்கமாட்டான். ரோபெர் இதைத்தான் பார்க்க வருவார்" என்றாள். கடிதத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

4 பிப்ரவரி, புதன்

கோயிலில் தைப்பூசக் கொடியேற்றம். சின்னன் விரதம் தொடங்கிவிட்டார். கரும்புத் தோட்டத்தில் முப்பது வருடம் சர்தாராக ஆள் மேய்த்தவர். காவடி எடுக்கும் எல்லாரையும் கூட்டி வந்து ஞாயிறன்று பூங்காவில் தொண்டு செய்யப்போகிறாராம், முருகனுக்காக. பெரிய மனசு. "ஒரு குப்பை மிச்சம் இருக்கக் கூடாது" என்று உற்சாகமாகச் சொல்லிவைத்தேன்.

8 பிப்ரவரி, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

ராத்திரி வக்குவா டவுனில் தங்கிவிட்டு ஒன்பது மணிக்குத்தான் பஸ்ஸில் வந்து இறங்கினேன். முப்பது பேர் விடிவதற்குள் வந்து வேலையை முடித்தேவிட்டார்கள். புல்வெளி இருந்த இடம் தேய்த்துக் கழுவிய தோசைக்கல் மாதிரி இருக்கிறது. பிடுங்கிய கொடியெல்லாம் ஓரத்தில் குவியல், கொளுத்துவதற்கு. சின்னன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "தூ ப்ரோப், மிஸ். எல்லாம் சுத்தம்."

கத்தினேன். "அறிவிருக்கா? கண்ணு எங்க வச்சிருந்தீங்க?" என் தமிழ் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். முகம் புரிந்திருக்குமே. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விரதக்காரரை, முப்பது பேர் முன்னால் — சீ, என்ன வாய் எனக்கு.

அதே நாள், மாலை

கரும்பு தவிர முளைப்பதெல்லாம் களை. முப்பது வருடம் அப்படி வாழ்ந்த கை அது. புல்வெளியைத் தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? மிச்சம் வைக்காதீர்கள் என்றுதானே சொன்னேன்? தப்பு யாருடையது, ரமாமணி?

ஜெனெவியேவ் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. குவியலைச் சாக்கால் மூடித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். "சாகவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் நட வேண்டும். நான் ஒருத்தி எத்தனை நடுவேன்?"

9 பிப்ரவரி, திங்கள்

பள்ளி விட்டதும் சின்னன் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் யோசித்து வைத்த கிரியோல் வாசற்படியிலேயே மறந்துபோயிற்று. "தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது.

அப்புறம் கேட்டார். "மிஸ், அந்தக் கொடி... கணு இருக்கு? கரும்பு மாதிரி?"

"இருக்கு."

"அப்ப நடலாம். அது எங்களுக்குத் தெரியும்."

10 பிப்ரவரி, செவ்வாய்

காலை ஐந்து மணிக்கு இருபத்தெட்டுப் பேர். கொடியைக் கணுக்கணுவாக வெட்டி, சால் பிடித்து, சாய்த்து நடுகிறார்கள். புல்லைக் கொத்துக் கொத்தாக நடுவில் வைக்கிறார்கள். புல்வெளி வரிசையில் வளராது என்று ஜெனெவியேவ் சொல்லிப் பார்த்தாள். வேறு மாதிரி நட அவர்களுக்கு வரவில்லை.

11 பிப்ரவரி, புதன்

முதுகு என்னுடையதே இல்லை. பாதி முடிந்தது.

13 பிப்ரவரி, வெள்ளி

காவடி. ஊர்வலம் பாதி வழியில் நல்ல மழை. எல்லாரும் முருகனிடம் என்னென்னவோ கேட்டிருப்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் மழை கேட்டேன்.

16 பிப்ரவரி, திங்கள்

ரோபெர் வந்தார். பூச்செடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாடிய குச்சிகளின் முன்னால் போய் நின்று, புல்வெளி எங்கே என்று கேட்டார். பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன்: புதிதாக விரிவாக்கம் செய்கிறோம் என்று. பொய். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சின்னன் முன்னால் வந்துவிட்டார். "நான்தான் பிடுங்கினேன், ஐயா. களை என்று நினைத்தேன். திரும்ப நட்டதும் நான்தான்." கிரியோலில் அவர் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

ரோபெர் குனிந்து ஒரு குச்சியை லேசாக இழுத்தார். வரவில்லை. மண்ணுக்குள் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. ஜூனில் வருகிறேன் என்று எழுதிக்கொண்டு போனார். ஓட்டல்காரர்கள் அதுவரை காத்திருக்கட்டும்.

21 ஜூன், ஞாயிறு

மாத ஆரம்பத்தில் ரோபெர் மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை நில ஒப்பந்தம் கையெழுத்தாகி வந்துவிட்டது. பத்து வருடம். படித்துவிட்டு வகுப்பிலேயே அழுதேன், பிள்ளைகள் பயந்துபோயின.

இங்கே ஜூன்தான் குளிர்காலம், அதிலும் அங்கங்கே அடம்பு பூத்திருக்கிறது. கொடி ஓடிப் படர்ந்தும் வரிசை இன்னும் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் கரும்புத் தோட்டம்தான். ஜெனெவியேவ் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இன்று புல்வெளி நடுவில் முள்ளுச்செடி ஒன்று இடுப்புயரம் வளர்ந்து நின்றது. எனக்கே தெரிகிறது, சுத்தமான களை. "சின்னன், அதைப் பிடுங்கிடுங்களேன்" என்றேன். அவர் கிட்டே போனார். பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஜெனெவியேவைக் கேளுங்க, மிஸ்."

பூங்காவின் அந்தக் கோடியிலிருந்து அவள் வந்து, பார்த்து, களைதான் என்றாள். அதற்குப் பிறகுதான் குனிந்தார்.