பால்கனியிலிருந்து இறங்கி ஓடியவள்

அன்பையும் அடியையும் சரிபாதியாகக் கொடுத்து வளர்த்த என் அக்காவுக்கு,

கப்பலில் போய் வந்துவிட்டேன். உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பார்த்துட்டு வந்து உனக்குச் சொல்றேன்கா" என்றேனே, அந்தக் கப்பலில்தான். உன் பையன் குமார் கூட்டிப் போனான். நார்வே. காலண்டரிலிருந்து கிழித்து பீரோ கதவில் ஒட்டி வைத்திருந்தாயே, கடல் உள்ளே புகுந்து போகும் பனி மலைகள், அதே இடம்.

திரும்பி வந்ததிலிருந்து தெருவில் ஒரே கேள்விதான். "பால்கனி ரூமாமே, நல்லா இருக்குதாமா? நாங்களும் போலாம்னு பாத்துக்கினு இருக்கோம்" என்று எதிர்வீட்டுக்காரி பால் வாங்கும்போதே பிடித்துக்கொள்கிறாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று சிரித்து மழுப்பிவிடுகிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். சீ, அதுவும் ஒரு பால்கனியா? இரண்டு நாற்காலி போட்டால் முழங்கால் கண்ணாடியில் இடிக்கிறது. பக்கத்து அறைக்காரன் விடிந்ததிலிருந்து சுருட்டு பிடிக்கிறான். நடுவில் இருக்கிற தடுப்பு அவனை மறைத்தது, நாற்றத்தை மறைக்கவில்லை. மேல் தளத்திலிருந்து யாரோ சப்பிப் போட்ட ஆரஞ்சுச் சுளை என் மடியில் வந்து விழுந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கொள்ளாமல் அள்ளி, கால்வாசி தின்று, மிச்சத்தின் மேல் மூக்கு துடைத்த காகிதத்தைப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள்.

அதெல்லாம்கூடப் போகட்டும் அக்கா. இப்போது என்னை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

நமக்கு பால்கனி ஆசை எப்படி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? வைகாசி கருட சேவை. விடியற்காலையில் நீயும் நானும் நம் வீட்டு மாடி பால்கனியில் இடம் பிடித்து நிற்போம். தெரு முனையில் குடை தெரிந்ததும் அப்பா கீழேயிருந்து கத்துவார். "சாமிக்கு மேலயா நின்னுக்கினு இருக்கீங்க? இறங்குங்கமா கீழ!" விழுந்தடித்து இறங்கி வந்தால் கூட்டத்தின் முதுகுதான் தெரியும். பெருமாள் போன பிறகு தெருவில் மிதிபட்ட துளசியைத்தான் பார்ப்போம். வருடா வருடம் இதே கதை. "ஒரு நாள் கப்பல்ல பால்கனி ரூம் எடுக்கலாம்டி. அங்க நம்மள யாரும் இறங்கச் சொல்ல மாட்டாங்க" என்று ஒரு தடவை அழுகையோடு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது, நீ என் தலையில் குட்டினாய்.

நான்காம் நாள் காலை கப்பல் ஒரு திருப்பத்தில் மெதுவாகத் திரும்பியது. சங்கு ஊதினார்கள். எதிரே, தலை முதல் கால் வரை வெள்ளையாக, மலை வந்தது. நான் பால்கனியில் தனியாக நிற்கிறேன். கை தானாகக் கும்பிட்டது. செருப்பைக் கழற்றினேன். அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? இறங்கி ஓடினேன்!

யாரும் கூப்பிடவில்லை அக்கா. அப்பா போய் எத்தனை வருடம் ஆகிறது! அந்த மலை என் தலைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் நின்றது, நான் எங்கே அதற்கு மேலே நின்றேன்? கால் கேட்கவில்லை. வெறுங்காலோடு ஏழு மாடிப் படி இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனால் முதுகு, முதுகு, செல்போன் பிடித்த கைகள். இடித்துப் பிடித்து முன்னால் வருவதற்குள் கப்பல் திரும்பிவிட்டது. தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அறைக்கு வந்தால் குமார் நிற்கிறான். "நல்லா பார்த்தியா சித்தி? அம்மாவே நின்னு பார்த்த மாதிரி இருந்துச்சு இல்ல?" அவன் கண் கலங்கியிருந்தது. "பார்த்தேன்பா, கண் நிறையப் பார்த்தேன்" என்றேன். பொய். உன் பிள்ளையிடம், உன் பேரில், பொய். உன்னிடமும் அதையே சொல்ல முடியுமா?

இன்னொரு சேதி கேள். போன வைகாசியில் யாரோ வீடியோக்காரன் ட்ரோன் விட்டான். பெருமாளின் தலைக்கு நேர் மேலே, குடைக்கும் மேலே, கொர்ரென்று சுற்றியது. அதை இறங்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கையாட்டினார்கள். நானும் கீழே, கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கையாட்டினேன். என்ன ஜென்மம் நான்!

மலையைப் பார்த்துச் சொல்கிறேன் என்ற வாக்கு போய்விட்டது. இன்னொரு கப்பல் ஏற எனக்குத் தெம்பில்லை. ஆனால் நம் மாடி பால்கனி அப்படியேதான் இருக்கிறது, சுருட்டு நாற்றம் இல்லாமல். வருகிற வைகாசியில் அங்கே போய் நிற்பேன். தெருவே திரண்டு கத்தினாலும் இறங்க மாட்டேன். பெருமாள் முழுசாகத் தெரிகிற வரைக்கும் கம்பியை விட மாட்டேன். பார்த்துவிட்டு உனக்குச் சொல்கிறேன் அக்கா, இந்தத் தடவை நிஜமாக.

உன் பக்கத்தில் நின்று, உன்னோடு படியிறங்கிய
உன் தங்கச்சி