தேவகோட்டையில் நடக்காத கல்யாணம்

ஆடி பிறந்து பதினோரு நாளாகிறது. ஆறு பேட்டரிகளும் முழுதாகச் சார்ஜ் ஏறி மேசைமேல் வரிசையாக இருக்கின்றன. இப்போதைக்கு வீட்டில் நிறைந்திருப்பவை அவை மட்டும்தான்.

காலையில் கேமராப் பையை வெயிலில் வைக்கலாம் என்று திறந்தேன். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தோடு மூடிய பை. பன்னீர், சந்தனம், கல்யாண வீட்டுச் சாம்பார் எல்லாம் கலந்து வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், தோளில் மாட்டும் பட்டையில் கொஞ்சம் அத்தர். அது உன் வேலை. நிக்காஹ் வீட்டு வாசலில் என்னை நிறுத்தி, பட்டையில் ஒரு சொட்டுத் தடவிவிட்டுத்தான் உள்ளே விடுவாய். "நேத்துத் தின்ன சாம்பாரோட எங்க வீட்டுக்குள்ள வராத மாப்ள."

நம் தொழிலில் வேலையில்லாத மாதங்களைப் பஞ்சாங்கமே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி. மற்றவர்களுக்கு நெருக்கடி திடீரென்று வருகிறது. கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு அது சித்திரை முதல் தேதியே தெரிந்துவிடும். தெரிந்திருந்தும் ஒவ்வொரு ஆடியையும் நாம் இருவரும் எதிர்பாராத விபத்தைப் போலவே எதிர்கொண்டோம். நமக்குச் சொந்தமாக ஸ்டுடியோ கிடையாது. காரைக்குடி ஸ்டுடியோக்காரர்கள் கூப்பிடுகிற நாளுக்குக் கேமராவோடு போவோம், அந்த நாளுக்குரிய பணத்தை வாங்குவோம், மறுபடி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இதற்கு நீ கண்டுபிடித்த வழிதான் நான் அறிந்த ஒரே பொருளாதாரக் கொள்கை. "உங்களுக்கு ஆடின்னா எங்களுக்கு என்ன? நாங்க நிக்காஹ் வைக்கிறோம்ல. எங்களுக்கு நோன்புன்னா உங்க ஆளுக முகூர்த்தம் வச்சிருப்பாக. ரெண்டு காலண்டரையும் ஒரே ஆணியில மாட்டு மாப்ள." அதன்படி ஆடியில் உன் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்களுக்கு நான் இரண்டாவது கேமரா. நோன்பு மாதத்தில் எனக்கு வருகிற கல்யாணங்களில் ஒன்றிரண்டு உனக்கு. நோன்பு வைத்துக்கொண்டு பந்தியைப் படமெடுத்த ஒரே ஆள் நீதான். ஒவ்வொரு இலையையும் அவ்வளவு பொறுமையாக எடுத்திருந்தாய்.

இப்போது இணையத்தில் கோட்டுப் போட்ட ஒருவர், நம்மைப் போன்றவர்கள் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்கிறார். நல்ல யோசனை. அவ்வளவு பணம் தனியாக இருந்தால் பகல் பதினொரு மணிக்கு அவரைப் பார்த்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நீயாவது கையில் காசு வந்ததும் செலவுகளை முன்கூட்டியே முடித்துவிடுவாய். வைகாசியிலேயே மகளுக்கு ஒரு வருடப் பள்ளிக் கட்டணம், ஆனியிலேயே மூன்று மூட்டை அரிசி. பணமாக வைத்திருந்தால் அது நம்மிடம் தங்காது என்பது உன் கணிப்பு. கணிப்பு என்ன, அனுபவம்.

லென்ஸ் வாங்க வங்கிக் கடன் கேட்டுப் போனோமே, நினைவிருக்கிறதா? மேலாளர் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்.

"மாச வருமானம் எவ்வளவு?"

"எந்த மாசம் சார்?" என்றாய் நீ.

"சராசரியாச் சொல்லுங்க."

"சராசரியா எந்த மாசமும் வர்றதில்ல சார். ஒண்ணு நிறைய வரும், இல்லன்னா வராது."

அவர் சிரித்தார். கடனைத்தான் தரவில்லை.

உன்னிடம் இன்னொரு விதியும் இருந்தது. காரைக்குடியில் கேமரா தூக்குகிற எல்லோரும் இன்றைக்கும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். யார் கூப்பிட்டு "ஃப்ரீயா?" என்று கேட்டாலும் ஆமாம் என்று சொல்லக் கூடாது. "சும்மா இருக்கான்னு தெரிஞ்சா ரேட்டக் குறைப்பாங்க. பிஸின்னு சொல்லு. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே வருவாங்க." உடம்பு சரியில்லை என்றும் சொல்லக் கூடாது. ஒருமுறை படுத்தவனை அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஓர் ஆடி மதியம். உன் வீட்டில் மின்விசிறியைப் பார்த்தபடி நாம் இருவரும் தரையில் படுத்திருந்தோம். ஸ்டுடியோக்காரர் ஒருவரின் பெயர் தொலைபேசியில் வந்ததும் பாய்ந்து எழுந்து மடிக்கணினியில் ஒரு பழைய கல்யாணத்தை ஓடவிட்டாய். நாதசுரமும் தவிலும் அறையை நிறைத்தன. "சார், சொல்லுங்க சார், மண்டபத்துல இருக்கேன், சத்தமா இருக்கு" என்று கத்தினாய்.

"ஏம்ப்பா, ஆடியில யாரு வீட்டுல கெட்டிமேளம்?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். "அறுபதாம் கல்யாணம் சார்" என்றாய். அவர் நம்பினார். அடுத்த நாளே பிஸியான ஆளுக்குரிய ரேட்டில் ஒரு நிக்காஹ் வேலை வந்தது. அன்றிலிருந்து அந்த விதியை நானும் சந்தேகப்படவில்லை.

போன வருடம் வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்தம் வந்தது. ஊரில் ஒரு மண்டபம்கூடக் காலியில்லை. எனக்கு இருந்த கல்யாணம், மணமகன் வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து, முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தள்ளிப்போனது. அந்த நேரத்தில் வேறு வேலை கிடைக்காது. ஆடியில் சும்மா இருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை, ஊரே சும்மா இருக்கிறது. வைகாசி முகூர்த்தத்தில் கேமராக்காரன் வீட்டில் இருப்பது, பந்தி நடக்கும்போது இலை கிடைக்காமல் நிற்பதைப் போல. நான் யாரிடமும் சொல்லவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் நீ கூப்பிட்டாய்.

"மாப்ள, நாளைக்கு ஃப்ரீயா?"

"இல்லடா. தேவகோட்டையில ஒரு கல்யாணம்."

"பெரிய வீடா?"

"ஆமா, ரெண்டு கேமரா."

"அப்பாடா. சரி சரி, நீ பாரு. எனக்குப் பிள்ளையார்பட்டியில. விடியக்கால முகூர்த்தம்."

அவ்வளவுதான் பேசினோம். வைத்துவிட்டாய். தேவகோட்டையில் அப்படி ஒரு கல்யாணம் இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிவரை தூங்கினேன்.

அதே காலை நீ பிள்ளையார்பட்டி மண்டபத்தில் நான்கு மணியிலிருந்து நின்றிருக்கிறாய். தாலி கட்டுவதை எடுத்து முடித்து, பந்திக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளாகவே நெஞ்சில் ஒரு வலி இருந்ததாம். வாய்வு என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய்.

பள்ளிவாசலுக்கு எடுத்துப்போவதற்கு முன்னால், உன் வீட்டு வாசலில் கூட்டத்தோடு நின்றிருந்தேன். உனக்கு வேலை கொடுத்த ஸ்டுடியோக்காரர் என் தோளைத் தொட்டு, "கடைசி ஷாட்டப் பார்த்தேன். கை ஆடவே இல்ல தம்பி" என்றார். பாராட்டுவதாகத்தான் நினைத்திருப்பார். பிறகு உன் அக்கா என்னைப் பார்த்து வந்தார்கள்.

"நேத்துச் சாயங்காலம் உங்களத்தான் தம்பி கூப்பிட்டான். 'முடியலக்கா, அவன் ஃப்ரீயா இருந்தா அவன அனுப்பிட்டுப் படுத்துக்கிறேன்'னான். 'அவன் கல்யாணம் தள்ளிப்போச்சாம், சொல்ல மாட்டேங்கிறான்'னு வேற சொன்னான். பேசிட்டு வந்தப்ப அவனுக்கு அப்புடி ஒரு சந்தோஷம். 'அவனுக்குத் தேவகோட்டையில பெரிய வேலை கிடச்சிருச்சாம்'னான். உங்களுக்காச்சும் வேலை இருந்துச்சே தம்பி. நேரத்துக்கு வந்துட்டீகளா, சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்.

ஒரு தொலைபேசிப் பேச்சில் இரண்டு பேரும் விதியை மீறவில்லை. நான் வேலை இல்லை என்று சொல்லவில்லை. நீ வலி என்று சொல்லவில்லை. ரேட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்டுடியோக்காரர்களிடம் சொல்லிப் பழகியதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டோம். என் ரேட் குறையவில்லை. அன்றைக்கு நான் வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் எனக்குத் தெரிந்த மருத்துவர். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். உன் அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறை எழுதுகிறேன்.

நீ இல்லாத பிறகு ஆடியில் என்னைக் கூப்பிடுவதற்கு ஆளில்லை. பள்ளிக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டப் பழகிவிட்டேன், அரிசியும் வாங்கிப் போட்டிருக்கிறேன். இந்த வருடம் விதியை மாற்றிப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேட்டபோது, "சும்மாதான் இருக்கேன் சார்" என்றேன். "அப்பக் கொஞ்சம் பாத்துச் செய்யலாம்ல?" என்றார். ரேட்டைப் பற்றி நீ சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை. உண்மை பேசினால் எவ்வளவு குறையும் என்று இப்போது எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஆனிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கோட்டையூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நம்மைப் போலவே நாளுக்குப் போகிறவர்; உனக்கும் அவரைத் தெரியும். "அண்ணே, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருக்கீகளா?" வாயில் பிஸி என்ற சொல் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "எதுக்குக் கேக்குறீக?" என்றேன்.

"சும்மாதான்ணே."

"சும்மா யாரும் கேக்க மாட்டாக. உடம்பு எப்புடி இருக்கு?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மூணு நாளாக் காய்ச்சல்ணே. நிக்க முடியல. யார்ட்டயும் சொல்லிறாதீக."

ஞாயிற்றுக்கிழமை அவருடைய இடத்தில் நான் நின்றேன். பணத்தை அவரிடமே கொடுத்தபோது பாதியைத் திருப்பி என் பையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன், எனக்கும் தேவைதான். என்னிடம் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடவில்லை. யார் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன்னால் ஏன் கேட்கிறாய் என்று ஒருமுறை கேட்கிறேன். இரண்டு நொடி ஆகிறது. பலருக்கு எரிச்சல் வருகிறது. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கிறவன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். உன்னிடம் கேட்டிருந்தால் நீயும் முதலில் சும்மாதான் என்றுதான் சொல்லியிருப்பாய். இன்னொரு தடவை கேட்டிருப்பேன்.